எந்தப் பானையின் சோறு?

“ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்பர் நம் தாய்மார். ஏடு தொட்டறியாத அவர்கள், அடுப்படியிலே நின்று வகுத்த அளவைநூல் அது! பானையைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டுவதில்லை. ஒரு பருக்கையை எடுத்து விரலிடையே நசுக்கினால் போதும், வெந்ததா வேகவில்லையா என்பது விளங்கிவிடும். ஆனால், அந்த முதுமொழிக்குள்ளே சொல்லாமல் வைக்கப்பட்ட கட்டுப்பாடு ஒன்று உண்டு. எடுக்கும் பருக்கை அந்தப் பானையிலே, அந்த உலையிலே, அந்தத் தீயிலே வெந்ததாக இருக்கவேண்டும். வேறொரு கிண்ணத்தில் நெய் வார்த்துத் தனியே பக்குவமாக வேகவைத்த பருக்கை ஒன்றைக் கொண்டுவந்து பானையின் மேலே வைத்துவிட்டு, “இதோ, பதம் பாருங்கள்!” என்று நீட்டினால்? பதம் பார்த்தவர் மெச்சுவார். பந்தியிலே அமர்ந்தவரோ பசியோடு எழுவார்!

ஆசிரியப் பணிக்கான நேர்காணலிலே நடத்திக் காட்டச் சொல்லும் மாதிரிப் பாடமும் அத்தகைய ஒரு பருக்கைதான். இருபது நிமிடப் பாடத்தைப் பார்த்து, இருபது ஆண்டுக்கான ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பருக்கை எந்தப் பானையிலே வெந்தது? எவர் பசிக்காக வெந்தது?

இந்தக் கேள்வியை என் உள்ளத்திலே ஊன்றியவள் ஒரு பெண். மேலூர் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவள். கால்வாயிலே தண்ணீர் வந்தால் நெல், வராவிட்டால் ஏக்கம் என்று வாழும் உழவர் குடும்பம். பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழ்வழியிலே முடித்து, கல்லூரியிலே ஆங்கில இலக்கியம் பயின்று, பி.எட். பட்டமும் பெற்றவள். மதுரை நகரிலே தனியார் பள்ளி ஒன்று ஆங்கில ஆசிரியர் தேவை என்று அறிவித்திருந்தது. வருவோர் ஆறாம் வகுப்புக்குரிய பாடம் ஒன்றை 20 நிமிடம் நடத்திக் காட்டவேண்டும் என்பது கட்டளை. என் நண்பரின் மகள் அவள். என்னைப் பெரியப்பா என்றழைப்பவள். நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்னர், தாயையும், ஆறாம் வகுப்பிலே படிக்கும் தம்பியையும் அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

“பெரியப்பா! பாடத்தை நடத்திக் காட்டுகிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்” என்றாள். தம்பி மாணவனானான்; நான் நீதிபதியானேன்.

ஆங்கிலத்திலே வினாத்தொடர் அமைப்பது எப்படி என்பது பாடம். அடடா! என்ன சொல்லோட்டம்! வண்ண அட்டைகள் ஒருபுறம்; வெட்டி ஒட்டிய படங்கள் மறுபுறம். துணைவினை எது, எழுவாய் எது, எது முன்னே நிற்கும், எது பின்னே செல்லும் என்று இலக்கண விதிகள் அருவியெனக் கொட்டின. ஓரிடத்திலும் நா தடுக்கவில்லை. கடிகாரம் பார்த்தேன்; சரியாக 20 நிமிடம். கைதட்ட வேண்டும் போலிருந்தது எனக்கு. தட்டுவதற்கு முன்னர், மாணவனைப் பார்த்து, “உனக்கு என்னப்பா விளங்கிற்று?” என்று கேட்டேன்.

“அக்கா நல்லா இங்கிலீசு பேசுறாங்க” என்றான் அவன்.

வினாத்தொடர் ஒன்றைச் சொல் என்றேன். தலை குனிந்தான்.

நீதிபதியாக அமர்ந்திருந்த நான் காணாத குறையை, கீழே அமர்ந்திருந்த சிறுவன் ஒரே வரியிலே காட்டிவிட்டான். அமெரிக்க நாட்டு அறிஞர் ஜான் டூயி, கற்பித்தலை விற்றலோடு ஒப்பிட்டார். வாங்கியவர் ஒருவரும் இல்லாதபோது, நாள் முழுவதும் விற்றேன் என்று வணிகன் கூறினால் நகைப்போமல்லவா? கற்றவர் ஒருவரும் இல்லாதபோது கற்பித்தேன் என்பதும் அவ்வாறே என்பது அவர் கருத்து. அந்தக் கூடத்திலே அன்று கடை திறந்திருந்தது, விளக்குகள் எரிந்தன, விலை கூவப்பட்டது, விற்பனைதான் நடக்கவில்லை!

அவளிடம் சொன்னேன். அவள் சினம் கொள்ளவில்லை. ஆனால், அவள் கேட்ட கேள்வியோ கூரியது.

“பெரியப்பா! அங்கே பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். பெரியவர்கள் மூவர்தான் இருப்பார்கள். பிள்ளையே இல்லாத இடத்தில், பிள்ளைக்கு விளங்கிற்றா என்று எவர் கேட்கப்போகிறார்கள்? அவர்கள் எடை போடப்போவது என் ஆங்கிலத்தை.”

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! கற்பிக்கும் திறனைக் காட்டு என்கிறார்கள்; கற்பதற்கு ஒருவருமில்லை. நீந்திக் காட்டு என்கிறார்கள், குளத்திலே நீரில்லை. தரையிலே படுத்துக் கைகால்களை அழகாக அசைப்பவர் தேர்ச்சி பெறுகிறார். அவரை நம்பிப் பின்னர் வெள்ளத்திலே இறங்கப்போவது யார்? குழந்தைகள்!

பதின்மூன்றாம் நூற்றாண்டிலே நன்னூல் செய்த பவணந்தியார், ஆசிரியர் ஆகத் தகாதவர்களுக்கு நான்கு உவமை கூறினார். போட்ட முறையிலன்றி வேறு முறையிலே காய்களை உதிர்க்கும் கழற்குடம், எவரையும் ஏறவிடாமல், தானாக விழும்போது மட்டும் பழம் தரும் மடற்பனை, சிறிது சிறிதாகத் திணித்து, சிறிது சிறிதாகவே பிடுங்கவேண்டிய பருத்திக் குண்டிகை, நான்காவது, முடத்தெங்கு. வளைந்த தென்னை அது. ஒருவன் கொல்லையிலே வேரூன்றி, அவன் ஊற்றும் நீரைக் குடித்து, அடுத்தவன் கொல்லையிலே காயை உதிர்ப்பது. நேர்காணலுக்கென்றே சமைக்கப்படும் மாதிரிப் பாடம் முடத்தெங்கேயன்றி வேறென்ன? பாடநூல் பிள்ளையினுடையது, வகுப்பு பிள்ளையினுடையது, பிள்ளையின் பெயரைச் சொல்லியே பாடம் எழுகிறது. காய் மட்டும் தேர்வாளர் மடியிலே விழுகிறது!

“அப்படியானால் நேர்காணலுக்கு ஆயத்தம் செய்வதே பொய்யா?” என்று கேட்பீர். இல்லை. விருந்தினர் வருமுன் வீட்டைப் பெருக்கிக் கோலமிடுவது பொய்யன்று. நாளையும் பெருக்கலாம், நாளை மறுநாளும் கோலமிடலாம். வாயிலே இல்லாத சுவரிலே வாயிலைப் போல் வண்ணம் தீட்டி வைப்பதுதான் பொய். இரண்டுக்கும் வேறுபாடு காண ஒரே ஓர் உரைகல் உண்டு. “இன்று மூவர் முன்னே செய்வதை, நாளை நாற்பது பிள்ளைகள் முன்னே, எவரும் பாராதபோதும் செய்வேனா?” ஆம் எனின், அது ஆயத்தம். இல்லை எனின், அது வேடம்.

ஆங்கிலப் பாடம் ஒன்றுக்கு இவ்வளவு அறவுரையா என்று எண்ணுவோரும் இருக்கலாம். அவர்கள் இந்த மதுரையின் கதையைச் சற்றே திரும்பிப் பார்க்கட்டும். 1834ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு வந்த அமெரிக்கப் பாதிரிமார் பள்ளிகளைத் தொடங்கினர். பசுமலையிலே 1881இல் தோன்றிய கல்லூரிதான் பின்னர் நகருக்குள் வந்து அமெரிக்கன் கல்லூரியாக ஓங்கி நிற்கிறது. ஆங்கிலம் அன்று சிலருக்கு மட்டும் திறந்த கதவு. கதவருகே சென்றவர் அலுவலகம் சேர்ந்தார். செல்லாதவர் வயலிலே நின்றார். 1965 சனவரி 25 அன்று, மறுநாள் இந்தி மத்திய அரசின் முதன்மை ஆட்சிமொழியாகும் என்ற நிலையில், இதே மதுரையின் வீதிகளிலே மாணவர் திரண்டனர். அந்தக் கிளர்ச்சியின் விளைவாக, 1968 சனவரியிலே தமிழும் ஆங்கிலமும் என்ற இருமொழிக் கொள்கையைத் தமிழகச் சட்டமன்றம் தீர்மானமாக்கிற்று. ஆங்கிலத்தை நாம் உலகைக் காணும் பலகணி என்றோம். நன்று. பலகணி வைத்துவிட்டோம், அதைத் திறந்துவிடும் கை எது? மேலூரிலும் உசிலம்பட்டியிலும் உள்ள பள்ளியிலே ஆங்கில வகுப்புக்குள் நுழையும் ஆசிரியரின் கை! அந்தக் கை திறப்பதுபோல் நடித்துவிட்டுச் செல்லுமானால், 1965இல் இளைஞர் சிந்திய குருதிக்கு நாம் என்ன விடை கூறுவோம்?

திறந்துவிட முயன்றதும் உண்டு. 1959இல், பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு, சென்னை மாநில அரசு பெரும் பயிற்சி இயக்கம் ஒன்றைத் தொடங்கிற்று. தொடக்கப்பள்ளி ஆசிரியர் 27,000 பேருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் முறையைப் புதிதாகப் பயிற்றுவது நோக்கம். சிலர் பயில்வர், பயின்றோர் பலரைப் பயிற்றுவர், அந்தப் பலர் மேலும் பலரை. உருளும்போதே பருக்கும் பனிப்பந்து என்று அதற்குச் செல்லப்பெயர். பனியையே பாராத நாட்டிலே பனிப்பந்து! அந்த இயக்கத்தின் ஆங்கிலப் பெயரிலே உள்ள நான்கு சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தாலோ ‘மெல்ட்’ என்று வரும். உருகு என்பது அதன் பொருள். மதுரை வெயிலை நினைத்தே பெயரிட்டனர் போலும்! நகைப்பது முயற்சியை அன்று, முயற்சி பெரிது. வாக்கிய அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக, எளியதிலிருந்து அரியதற்கு ஏறும் படிகளாக அடுக்கிக் கற்பித்த முறை அது. படி இருந்தது, ஏறுகிறவன் மனம் வேறெங்கோ இருந்தது. அமைப்பை ஒப்பித்த பிள்ளை, வெளியே வந்து ஒரு செய்தி கேட்க அறியாது விழித்தது. அந்தக் குறையை உணர்ந்தே, என். எஸ். பிரபு என்பார் 1979 முதல் 1984 வரை தென்னாட்டுப் பள்ளிகள் சிலவற்றிலே வேறொரு முறையை நடத்திப் பார்த்தார். பெங்களூர்த் திட்டம் என்று உலகறிந்தது அது. புகைவண்டிக் கால அட்டவணையையும் ஊர்ப்படத்தையும் பிள்ளைகளிடம் கொடுத்து, விடை தேடச் செய்தார். கருத்திலே மனம் ஊன்றியிருக்கும்போதுதான் மொழியின் அமைப்பு தானே வந்து படியும் என்பது அவர் கொள்கை.

இவற்றை எல்லாம் அவளிடம் கூறினேன். கூறிவிட்டு, “வா அம்மா, பாடத்தை மீண்டும் சமைப்போம், இம்முறை தம்பியின் பசிக்காக” என்றேன்.

எங்கே தொடங்குவது? பிள்ளை ஏற்கெனவே நிற்கும் இடத்திலே! ஆறாம் வகுப்புச் சிறுவனுக்கு வினவத் தெரியாதா? தமிழிலே அவன் அந்தக் கலையில் வல்லவன். “நீயா மதுரைக்குப் போனாய்?” “நீ மதுரைக்கா போனாய்?” “நீ மதுரைக்குப் போனாயா?” ஆ என்ற ஓரெழுத்தை எந்தச் சொல்லின் இறுதியிலே ஒட்டுகிறானோ, அங்கே போய் அமர்ந்துகொள்கிறது ஐயம். எத்துணை நுட்பம்! எவர் கற்பித்தார் அவனுக்கு? தாய்ப்பாலோடு வந்தது. ஆங்கிலத்துக்கு அந்த ஆகாரம் இல்லை. அவர்கள் ஒட்டுவதில்லை, இடம் மாற்றுகிறார்கள். ‘யூ கேன் ஸ்விம்’ என்றால், உனக்கு நீந்தத் தெரியும் என்பது செய்தி. முன்னிரு சொற்களும் இடம் மாறி, ‘கேன் யூ ஸ்விம்?’ என்று நின்றால் வினா. தமிழிலே ஒட்டு; ஆங்கிலத்திலே மாற்று. இவ்வளவுதான் அன்றைய பாடம். பத்து விதி வேண்டாம்; ஒன்று போதும்.

வண்ண அட்டைகளை ஒதுக்கினோம். வெற்றுத் தாளிலே மூன்று சொற்களை எழுதினோம். ‘யூ’ என்பதை நான் ஏந்தினேன். ‘கேன்’ என்பதைச் சிறுவன் ஏந்தினான். ஆங்கில வகுப்பின் வாயிலையே மிதித்தறியாத அவர்கள் தாய், ‘ஸ்விம்’ என்பதை ஏந்தி நின்றார். “பெரியப்பாவும் நீயும் இடம் மாறுங்கள்” என்றாள் அவள். மாறினோம். செய்தி வினாவாயிற்று! சிறுவன் சிரித்தான். விளங்கியவனின் சிரிப்பு அது.

அதன்பின், அவளை வாய் மூடச் சொன்னேன். எட்டு நிமிடம் பேசக்கூடாது, பிள்ளை பேசவேண்டும். அதுதான் அவளுக்கு அரிதாக இருந்தது. “நான் பேசாமல் இருந்தால், ஆங்கிலம் அறியாதவள் என்று எண்ணிவிடமாட்டார்களா?” என்றாள். தமிழ்வழியிலே படித்து வந்த பெண்ணின் அச்சம் அது. தலைமுறை தலைமுறையாக நகரத்து நாவுக்கு முன்னே நாட்டுப்புறத்து நா நடுங்கிய நடுக்கம் அது. விடை கூற இயலாமல் நான் இருந்தபோது, சிறுவன் தொடங்கிவிட்டான்.

“கேன் யூ டிரைவ் எ பஸ்?” என்றான் என்னைப் பார்த்து. “நோ, ஐ கேனாட்” என்றேன். தாயைப் பார்த்து, “கேன் யூ குக்?” என்றான். சமைக்கத் தெரியுமா என்று கேட்கிறான் என்பதை அட்டைகள் ஆடிய ஆட்டத்திலே அறிந்துகொண்ட அந்த அம்மையார், “எஸ்” என்றார். கூடம் கொள்ளாத மகிழ்ச்சி! பின்னர், அக்காவைப் பார்த்து, “கேன் யூ ஸ்விம்?” என்றான்.

அவள் ஒரு நொடி தயங்கினாள். கால்வாய்க் கரையிலே வளர்ந்தும் நீந்தக் கற்காதவள். பெண்பிள்ளை நீரிலே இறங்கலாகாது என்று தடுத்த ஊர் அது. “நோ, ஐ கேனாட்” என்றாள், மெல்ல.

ஆசிரியர் ஒருவர், தன்னால் இயலாததை மாணவன் முன்னே ஒப்புக்கொண்ட காட்சி! நம் வகுப்பறைகளிலே கேள்வி கேட்பவர் யார்? விடை அறிந்த ஆசிரியர். விடை சொல்லவேண்டியவர் யார்? அறியாத பிள்ளை. உலகிலே வேறெங்கும் அறியாதவன் கேட்பான், அறிந்தவன் கூறுவான். வகுப்பறையிலே மட்டும் தலைகீழ். ஏன், எதற்கு, எப்படி என்று கேள் என்று மேடைதோறும் முழங்கிய இயக்கம் நம்முடையது. கேட்கும் கருவியைப் பிள்ளையின் கையிலே கொடுத்து, “முதலில் என்னையே கேள்” என்று நிற்கும் ஆசிரியர், ஆங்கில இலக்கணத்தை மட்டுமா கற்பித்தார்?

இரண்டு நாள் கழித்து, மேலூர்ப் பேருந்திலே ஏறி, ஒத்தக்கடை யானைமலையைக் கடந்து, மாட்டுத்தாவணியில் இறங்கி, நேர்காணலுக்குச் சென்றாள். இரண்டாவது பாடத்தையே நடத்தினாள். என்ன நேர்ந்தது? அட்டையை ஏந்துமாறு அவள் வேண்டியபோது தேர்வாளர் மூவரும் நகைத்தனராம், ஒருவரும் ஏந்தவில்லை. ஏழாம் நிமிடத்திலே நிறுத்தச் சொன்னார்கள். “உங்களைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுங்கள்” என்றார்கள். பேசினாள். வேலை வேறொருவருக்குச் சென்றது.

திரும்பி வந்தவள் அழவில்லை. “பெரியப்பா! பழைய பாடத்தையே நடத்தியிருந்தால் கிடைத்திருக்குமோ?” என்று மட்டும் கேட்டாள்.

“கிடைத்திருக்கக்கூடும் அம்மா” என்றேன். வேறு என்ன சொல்வேன்?

அன்று இரவு நான் உறங்கவில்லை. வாய்மையின் உயர்வை எடுத்துரைப்பது எளிது. அதன் விலையைக் கொடுத்தவள் அவளல்லவா! உண்ட வயிற்றோடு திண்ணையிலே சாய்ந்துகொண்டு, வேலை தேடும் ஏழைப் பெண்ணுக்கு அறம் போதிக்க எனக்கு என்ன உரிமை? வேடம் கட்டியவர்களுக்கே மாலை விழும் மன்றத்துக்கு, வேடமின்றிச் செல் என்று அனுப்பிவைத்தது அறமா, அறியாமையா? இதுதான் நான் உங்கள் முன்னே வைக்கும் கேள்வி.

பல நாள் எண்ணி நான் கண்டது இது. குற்றம் அவள் பாடத்தில் இல்லை. குற்றம் துலாக்கோலில் இருக்கிறது. நன்னூலார் நல்லாசிரியருக்குத் துலாக்கோலை உவமை கூறினார். இருபுறமும் சாயாது நின்று எடை காட்டுவதால். ஆசிரியரையே எடை போடும் துலாக்கோல் எவ்வளவு செம்மையாக நிற்கவேண்டும்! வாய்மையின் சுமையை ஏழையின் தோளிலே முழுவதும் ஏற்றுவது அறமன்று. எவன் கையிலே துலாக்கோல் இருக்கிறதோ, அவன் கையிலேதான் முதற் கடமை இருக்கிறது. வேடத்துக்குப் பரிசு வழங்குபவன், வேடம் கட்டியவனைக் கடிந்துகொள்ளும் தகுதியை இழக்கிறான்.

நேர்காணல் என்னும் துலாக்கோல் சாயக்கூடியது என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். 1970இலே தமிழக மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையின்போது, மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75 நேர்காணலுக்கென வைக்கப்பட்டிருந்தது. பெரியகருப்பன் வழக்கிலே உச்சநீதிமன்றம், இது மிகை என்று கருதிற்று. அன்று கோட்டையிலே இருந்தவர்கள் நம்மவர்களே. அதற்காக உண்மையை மறைப்பானேன்? 1980இலே, அஜய் ஹாசியா வழக்கிலே, கல்லூரிச் சேர்க்கையிலே நேர்காணலுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் மதிப்பெண் ஒதுக்குவது நேர்மையாகாது என்று அதே நீதிமன்றம் கூறிற்று. ஏன்? தாளிலே எழுதிய விடைக்குச் சாதி தெரியாது. நாவிலே எழும் ஒலிக்கு ஊர் தெரியும், தெரு தெரியும், தந்தையின் தொழில் தெரியும். அந்த ஒலியை அளந்துவிட்டு, திறமையை அளந்தோம் என்று சொல்லிக்கொள்வது எளிதிலும் எளிது.

பள்ளிகளும் தம் பங்குக்கு மாதிரிப் பாடம் நடத்துகின்றன என்பதை மறக்கவேண்டாம். வந்தவரை எப்படி அமர்த்துகிறார்கள், எந்த நிமிடத்திலே நிறுத்துகிறார்கள், எவ்வளவு ஊதியம் சொல்கிறார்கள், இவையெல்லாம் அந்தப் பள்ளி என்னும் பானையின் ஒரு சோறு அல்லவா? அரசுக்கும் இது பொருந்தும். 2022இல், அரசுப் பள்ளிகளிலே காலியாக இருந்த 13,331 இடங்களைத் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு, பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வாயிலாக நிரப்ப ஆணை பிறந்தது. இடைநிலை ஆசிரியருக்குத் திங்களுக்கு 7,500 ரூபாய்; பட்டதாரி ஆசிரியருக்கு 10,000; முதுநிலை ஆசிரியருக்கு 12,000. வழக்கு மதுரைக்கே வந்தது. மேலூர்ச் சாலையிலே, அவள் பேருந்து கடந்து சென்ற அதே உயர்நீதிமன்றக் கிளைக்கு. அப்போதும் ஆட்சி நம்மவர் ஆட்சியே. வகுப்பு வெறுமையாகக் கிடக்கலாகாது என்ற கவலை புரிகிறது. ஆயினும், பதினாயிரம் ரூபாய்க்கு ஓராண்டுக்கு வாடகைக்கு எடுத்த ஆசிரியரிடம், பல்லாண்டு நிலைத்து நிற்கும் அறிவை நட்டுவை என்று கேட்பது எவ்வகை நேர்மை?

பின் என்ன செய்வது? மாதிரிப் பாடமே வேண்டாம் என்பதா? அல்ல. தாளிலே தேர்ந்தவர் எல்லாரும் கற்பிக்கத் தேர்ந்தவர் அல்லர். பதம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால், பானையிலிருந்து எடுத்துப் பாருங்கள்! பிள்ளைகள் பதின்மரை அந்த அறையிலே அமர்த்துங்கள். வந்தோர் அனைவருக்கும் ஒரே பாடத்தைக் கொடுங்கள். நடத்தி முடித்ததும் ஆசிரியரை வெளியே அனுப்பிவிட்டு, கடைசி வரிசைப் பிள்ளையைக் கேளுங்கள், “என்னப்பா விளங்கிற்று?” என்று. “நன்றாகப் பேசினார்” என்று பிள்ளை சொன்னால் ஒரு மதிப்பெண். பிள்ளையே பேசினால் ஒன்பது. அளித்த மதிப்பெண்ணுக்குக் காரணத்தை எழுதி வையுங்கள். தோற்றவர் கேட்டால் காட்டுங்கள். கோடி ரூபாய்த் திட்டமல்ல இது. ஒரு பெஞ்சும் பத்துப் பிள்ளைகளும் போதும்.

துலாக்கோல் திருந்தும்வரை, வேலை தேடுவோர் என் செய்வர்? இந்தக் கேள்விக்கு விடை நான் கூறவில்லை, அவளே கூறினாள். திங்கள் ஒன்று சென்றபின், வேறொரு பள்ளியின் நேர்காணலுக்காக மீண்டும் வந்தாள். “எந்தப் பாடம் அம்மா?” என்றேன், சற்றே அச்சத்தோடு.

“இரண்டாவதுதான் பெரியப்பா. ஆனால் முதல் மூன்று நிமிடம், இன்று எதைக் கற்பிக்கப்போகிறேன், ஏன் இப்படிக் கற்பிக்கிறேன் என்பதை ஆங்கிலத்திலே அவர்களுக்கு எடுத்துச் சொல்லிவிடப் போகிறேன். அந்த ஆங்கிலமும் என்னுடையதுதானே? நான் உழைத்துப் பெற்றதுதானே? மூன்று நிமிடம் அவர்களுக்கு. பதினேழு நிமிடம் பிள்ளைகளுக்கு.”

நான் வாயடைத்துப் போனேன். வாய்மை என்றால் ஆற்றலை ஒளித்து வைப்பது என்று எண்ணி, அவளுடைய ஆங்கிலத்தையே வேடம் என்று ஒதுக்கச் சொல்லிவிட்டவன் நானல்லவா! அவள் என்னைவிடத் தெளிவாகக் கண்டிருக்கிறாள். உரைகல்லிலே உரைத்துப் பார்த்தேன். நாளை நாற்பது பிள்ளைகள் முன்னே, எவரும் பாராதபோதும், இதைச் செய்வாளா? செய்வாள். அந்த மூன்று நிமிடமும் அதே பானையிலே வெந்ததுதான்.

இந்த நேர்காணலின் முடிவு இன்னும் வரவில்லை. வேறொரு முடிவு வந்துவிட்டது. சென்ற வாரம் அவர்கள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். தம்பி, தெருப் பிள்ளைகள் அறுவரை வாயிற்படியிலே நிறுத்தி, தாள்களை ஏந்தச் செய்து, இடம் மாற்றிக்கொண்டிருந்தான். ‘கேன் யூ?’, ‘கேன் யூ?’ என்று தெருவே வினவிக்கொண்டிருந்தது. அவர்களுள் ஒருத்தி, எட்டு வயது இருக்கும், அக்காவைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டாள், “கேன் யூ ஸ்விம்?” என்று.

“நாட் எட்” என்றாள் அவள். ‘இன்னும் இல்லை’ என்பது பொருள். அடுத்த ஞாயிறு, இந்தச் சிறுமியரையும் சேர்த்துக்கொண்டு, நீந்தக் கற்கப்போவதாகச் சொன்னாள். தாய் தடை சொல்லவில்லை.